இறகில் கட்டிய மீன்

தூண்டில் முள்ளில் மீனுக்குக் காட்டப்படும் இரை இருவகைப்படும். மண்புழு, சிறுமீன், இறால் போன்ற உண்மையான உணவு ஒருவகை. இறகு, மயிர், நூல், மரம், உலோகத் தகடு ஆகியவற்றைக் கொண்டு அவ்வுணவின் தோற்றத்தையோ அசைவையோ நீருக்குள் உண்டாக்கும் செய்பொருள் மற்றொரு வகை. இக்கட்டுரை பின்னதைப் பொய்யிரை என்று குறிக்கிறது. பானை வனைபவரும் தறியில் நெய்பவரும் தம் பொருளைத் தம்மைப் போன்ற மனிதரின் கண்ணுக்கும் கைக்கும் ஏற்பச் செய்கிறார்கள். பொய்யிரை செய்பவரோ தாம் ஒருபோதும் நுழைய முடியாத ஒரு கண்ணுக்காக, தாம் வாழாத ஓர் ஒளியில் காணப்படுவதற்காகச் செய்கிறார். வாங்குவோர் மனிதராக இருப்பதனால் கடைக்கு வரும் பொய்யிரை முதலில் மனிதரைக் கவர வேண்டியிருக்கிறது. வீட்டில் செய்யப்படும் பொய்யிரைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதன் சிறப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

நன்னீர்ச் சால்மனுக்கான பொய்யிரைகளில் இதைத் தெளிவாகக் காணலாம். தமிழகச் சந்தைகளில் இந்தியச் சால்மன் என்ற பெயரில் விற்கப்படும் காலா மீனுக்கும் இதற்கும் உறவில்லை. அட்லாண்டிக் சால்மன் ஆற்றில் பிறந்து, அங்கேயே சில ஆண்டுகள் வளர்ந்து, பின் கடலுக்குச் சென்று பெருத்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் இயல்புடையது. அதே இனத்தின் ஒரு பிரிவு, பனியூழியின் பனிப்பாறைகள் பின்வாங்கியபின் வட அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள சில ஏரிகளில் தங்கிவிட்டது. ஓடையில் பிறந்து, கடலுக்குப் பதிலாக ஏரிக்கு இறங்கி, அங்கே சிறுமீன்களைத் தின்று வளர்ந்து, முட்டையிட மீண்டும் ஓடைக்குச் செல்கிறது. கடலுக்கு வழி அடைபடாத ஏரிகளிலும் இம்மீன் தங்கியே வாழ்ந்தது என்பதால், சிறைப்பட்ட மீன் என்று அதைக் கருதுவது பொருந்தாது. ஏரிச் சால்மன் என்பதே அதற்கு ஏற்ற பெயர். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் செயின்ட் க்ராய், யூனியன், பெனப்ஸ்காட், பிரசம்ப்ஸ்காட் என்னும் நான்கு ஆற்றுப் படுகைகளே இதன் இயற்கையான தாயகம். பிரசம்ப்ஸ்காட் படுகையைச் சேர்ந்த செபேகோ ஏரியின் மீனை 1853இல் தனி இனமாக விவரித்து, அந்த ஏரியின் பெயரையே அதற்குச் சூட்டினர். இன்று அது அட்லாண்டிக் சால்மனின் ஏரி வடிவமாகவே கொள்ளப்படுகிறது. 1907இல் அதே ஏரியில் 22.5 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள மீன் ஒன்று பிடிபட்டது. ஆனால் இன்று தூண்டிலுக்கு வரும் பெரும்பாலான மீன்கள் ஒரு கிலோவைத் தாண்டுவது அரிது. 1969இல் மெய்ன் இதைத் தன் மாநில மீனாக அறிவித்தது.

பொய்யிரையின் வரலாற்றில் முதன்மை பெறும் இடம் இந்த நான்கு படுகைகளுக்கு வெளியே, மாநிலத்தின் மேற்கு மலைப்பகுதியிலுள்ள ரேஞ்ச்லி ஏரிகளில் இருக்கிறது. அங்கே சால்மன் இயற்கையாக வாழவில்லை. புரூக் ட்ரவுட் என்னும் பெரிய மீன்களும், அவை தின்று கொழுத்த நீலமுதுகு ட்ரவுட் என்னும் சிறிய மீனும் அந்த ஏரிகளுக்கு உரியவை. 1870களில் சால்மன் குஞ்சுகள் அங்கே கொண்டுவந்து விடப்பட்டன. பின்னர் அவற்றுக்கு உணவாக ஸ்மெல்ட் என்னும் வெள்ளிநிறச் சிறுமீனும் விடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நீலமுதுகு ட்ரவுட் அந்த ஏரிகளிலிருந்து மறைந்துபோயிற்று. ஆகவே ரேஞ்ச்லியின் புகழ்பெற்ற பொய்யிரைகள் எந்தச் சிறுமீனை உருவகித்தனவோ அதுவும், எந்தச் சால்மனுக்காக இன்று நீரில் இழுக்கப்படுகின்றனவோ அதுவும், மனிதர் கொண்டுவந்து சேர்த்தவை. அந்த ஏரிகளைக் கன்னி இயற்கையாகப் போற்றும் எழுத்துகள் பல உண்டு. அங்கே ஒரு மீன் முற்றாக மறைந்ததை அவை எளிதாகக் கடந்து போவது வருந்தத்தக்கது.

ஸ்மெல்ட்டை அறியாமல் ஏரிச் சால்மனுக்கு இரை செய்ய இயலாது. பெரும்பாலும் ஒரு சாண் நீளத்தைத் தாண்டாத மெல்லிய உடல். முதுகு மங்கிய பச்சையும் சாம்பலும் கலந்தது, விலா வெள்ளி, அதன்மேல் சாய்ந்த ஒளியில் ஊதாவும் இளஞ்சிவப்பும் ஓடும், வயிறு வெண்மை. கையில் எடுத்தால் வெள்ளரிப்பிஞ்சின் வாசனை வீசும். குளிர்காலம் முழுதும் ஏரியை மூடிக் கிடந்த பனிக்கட்டி ஏப்ரல் இறுதியிலோ மே மாதத் தொடக்கத்திலோ உடைந்து கரையும்போது, ஸ்மெல்ட் கூட்டங்கள் இரவில் ஓடைகளுக்குள் ஏறி முட்டையிடுகின்றன. சால்மன்கள் அந்த ஓடை வாய்களில் வந்து கூடுகின்றன. நீர் 4 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் மிகுந்த அடர்த்தி பெறுகிறது. பனி உருகிய ஏரியில் மேலிருந்து கீழ்வரை அந்த வெப்பநிலைக்கு அருகிலேயே நீர் இருப்பதால் சால்மன் மேற்பரப்புக்கு அருகில் தயக்கமின்றி உலவும். கோடை நெருங்கி மேல்நீர் சூடேறியதும் அது குளிர்ந்த ஆழத்துக்கு இறங்கிவிடும். செபேகோவின் ஆழம் 300 அடிக்கும் மேல். இலகுவான இறகு இரைக்கு உரிய பருவம் பனி உடைந்தபின் வரும் சில வாரங்களும், மேல்நீர் மீண்டும் குளிரும் செப்டம்பருமே. எஞ்சிய காலத்தில் கனத்த தகட்டு இரைகளை ஆழத்தில் இழுக்க வேண்டியிருக்கும். பொருளைத் தேர்வதற்கு முன்பே பருவமும் ஆழமும் தேர்வைச் செய்துவிடுகின்றன என்பதை அனுபவமுள்ள செய்வோர் அறிவர்.

இனி மீனின் கண்ணைக் கருத வேண்டும். நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வானம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகைக் கூம்பு ஒன்றுக்குள் அடங்கிவிடுகிறது. அந்த வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பின் அடிப்பக்கம் கண்ணாடியாக மாறி, கீழுள்ள இருளைத் திருப்பிக் காட்டுகிறது. சிவப்பு ஒளி சில மீட்டர்களிலேயே நீரால் உறிஞ்சப்பட்டுவிடுவதால், மேசையில் செந்நிறமாகப் பளிச்சிடும் நூல் ஆழத்தில் கருமையாகிவிடும். சால்மன் குடும்பத்து மீன்களின் விழித்திரையில், இளம் பருவத்திலேனும், மனிதர் காணாத புற ஊதாக் கதிரை உணரும் அணுக்களும் உண்டு. இரையாகும் சிறுமீனோ தன்னை மறைக்கவே நிறம் கொண்டது: மேலிருந்து பார்த்தால் முதுகின் கருமை ஏரியடியோடு கலக்கிறது, கீழிருந்து பார்த்தால் வயிற்றின் வெண்மை வானொளியோடு கலக்கிறது, விலாச் செதில்களிலுள்ள குவானின் என்னும் வேதிப்பொருளின் நுண்தகடுகள் சுற்றியுள்ள நீரின் ஒளியையே திருப்பி அனுப்பி உடலை இல்லாததுபோல் ஆக்குகின்றன. கூட்டத்திலிருந்து விலகிய, அடிபட்ட, சமநிலை தவறிய ஸ்மெல்ட் மட்டுமே, உடல் சாய்ந்து அந்த நுண்தகடுகள் தவறான கோணத்தில் ஒளியை வீசும் கணத்தில் தென்படுகிறது. வேட்டை மீன் தேடுவது அந்தத் தவற்றை. எனவே ஸ்மெல்ட்டின் செதில்களை ஒவ்வொன்றாக வரைந்து முடித்த மரப்பதுமை பெரும்பாலும் பயன் தருவதில்லை. மறைவதும் தோன்றுவதுமாக இருக்கும் ஒன்றே சால்மனைத் துரத்த வைக்கிறது. அசைவின் அதிர்வை உடலின் பக்கக்கோடு என்னும் உணர்வு உறுப்பாலும் மீன் அறிவதால், கண்ணுக்கான இந்த ஏற்பாடு உடலுக்கான ஏற்பாட்டோடு பொருந்தவும் வேண்டும்.

இந்த இடத்தில் ஆற்றுச் சால்மனுக்கான இரையோடு ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் உணவு கொள்வதில்லை. ஆயினும் சில வேளைகளில் இறகு இரையைக் கவ்வுகிறது. சினமா, பழைய பழக்கத்தின் எச்சமா, எல்லைக்காவலா என்ற வினா இன்னும் தீரவில்லை. இரைக்கு மூலமீன் என்று ஒன்று இல்லாததால், பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் அதைச் செய்வோர் தம் கற்பனைக்கு முழு விடுதலை அளித்தனர். பேரரசின் துறைமுகங்களில் இறங்கிய வெப்பமண்டலப் பறவைகளின் இறகுகள் ஒரே முள்ளில் பத்துப் பதினைந்து வகையாகச் சேர்ந்தன. 1895இல் வெளிவந்த ஜார்ஜ் கெல்சனின் ‘தி சால்மன் ஃப்ளை’ என்ற நூல் அந்தச் செய்முறைகளுக்கு ஒரு சாத்திரத்தின் கண்டிப்பைக் கொடுத்தது. அவை அழகில் குறைந்தவை அல்ல. ஆனால் மீனால் அவற்றைத் திருத்த முடியவில்லை, ஏனெனில் மீனிடம் அவற்றுக்கான கேள்வியே இல்லை. ஏரிச் சால்மன் பசியோடு உண்ணும் மீன். அது செய்வோரிடம் கணக்குக் கேட்கிறது.

அக்கணக்குக்கு மிகத் தெளிவான விடை தந்தவர் கேரி ஸ்டீவன்ஸ் (1882–1970). ரேஞ்ச்லிப் பகுதியில் மூஸ்லுக்மெகன்டிக் ஏரிநீர் ரிச்சர்ட்சன் ஏரிக்கு இறங்கும் அப்பர் டேம் என்னும் அணைக்கட்டின் அருகே, மீன்பிடி வழிகாட்டியான கணவர் வாலஸோடு அவர் வாழ்ந்தார். பெண்களுக்கான தொப்பிகளை இறகாலும் நாடாவாலும் அணிசெய்யும் தொழிலில் அவர் பயின்றிருந்தார். கனெக்டிகட்டைச் சேர்ந்த சார்ல்ஸ் வீலர் என்ற மர வாத்துச் சிற்பி, அவ்விடத்துக்கு வழக்கமாக மீன் பிடிக்க வருபவர், சிறுமீனைப் போன்ற நீண்ட இறகு இரைகளைச் செய்துபார்க்க அவரைத் தூண்டினார். 1924ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், வீட்டு வேலையை இடையில் நிறுத்திவிட்டு, ஸ்மெல்ட்டை நினைத்துக் கட்டிய சாம்பல் இறகு இரை ஒன்றை அணையடி மடுவில் வீசியபோது 6 பவுண்டு 13 அவுன்ஸ், அதாவது மூன்று கிலோவுக்கும் மேற்பட்ட எடையுள்ள புரூக் ட்ரவுட் அதைக் கவ்வியது. ‘ஃபீல்டு அண்ட் ஸ்ட்ரீம்’ இதழின் போட்டியில் அம்மீன் இரண்டாம் பரிசு பெற்றது. நாடெங்குமிருந்து இரைகளைக் கேட்டுக் கடிதங்கள் வந்தன. அந்த வழியில் உருவானதே சாம்பல் பேய் என்று பொருள்படும் கிரே கோஸ்ட் என்னும் வடிவம். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் வடகிழக்கு அமெரிக்காவில் ஏரிச் சால்மனைத் தேடிச் செல்பவரின் பெட்டியில் அது இல்லாமல் இருப்பதில்லை.

அதன் செய்முறையைச் சற்று நின்று நோக்குவது தகும். தண்டு நீண்ட முள் ஒன்று. அதன் தண்டின்மேல் செம்மஞ்சள் பட்டு இழை நெருக்கமாகச் சுற்றப்பட்டு, இடைவெளி விட்டுத் தட்டையான வெள்ளி ஜரிகை அதன்மேல் சுருளாக ஓடுகிறது. தண்டுக்குக் கீழே வெண்வால் மானின் வால்மயிர் சில இழைகள் முழு நீளத்துக்கும் நீட்டிக் கட்டப்பட்டு ஸ்மெல்ட்டின் வெண்வயிறாகின்றன. அவற்றோடு மயிற்பீலியின் பச்சைக்கருமை இழைகள் நான்கைந்தும், தங்க ஃபெசன்ட் என்னும் சீனப் பறவையின் வளைந்த மஞ்சள் கொண்டை இறகும் சேர்கின்றன. மேலே, பக்கத்துக்கு இரண்டாக, பச்சை கலந்த சாம்பல்நிறச் சேவல் இறகுகள் நான்கு முதுகாகவும் விலாவாகவும் அமைகின்றன. அவற்றின் முன்பகுதியை வெள்ளி ஃபெசன்ட்டின் வரியோடிய வெள்ளிறகு தோள்போல மூடுகிறது. அதன்மேல் கண்ணின் இடத்தில் காட்டுச்சேவலின் கழுத்திறகு ஒன்று படிகிறது. தலைப்பகுதியில் கருநூல் சுற்றி வார்னிஷ் பூசப்படுகிறது. கருமையின் நடுவே செந்நிற நூலால் ஒரு சிறு பட்டை இடுவது ஸ்டீவன்ஸின் கையொப்பம்.

பொருள்களின் பட்டியல் யாருக்கும் கிடைத்துவிடும்; கட்டும் முறையில்தான் நுட்பம் இருக்கிறது. முள்ளைப் பற்றிக்கொள்ளும் சிறு இரும்புப் பிடியான வைஸ் எதையும் ஸ்டீவன்ஸ் பயன்படுத்தவில்லை. இடக்கை விரல்களுக்கிடையே முள்ளை வைத்து வலக்கையால் நூல் சுற்றினார். பிறர் இறகுகளை ஒவ்வொன்றாகத் தண்டின் முதுகில் செங்குத்தாக நிறுத்திக் கட்டியபோது, அவர் சேவலிறகு, தோளிறகு, கண்ணிறகு மூன்றையும் முதலில் பசையால் ஒட்டி இடப்பக்கத்துக்கு ஒன்றும் வலப்பக்கத்துக்கு ஒன்றுமாக இரு முழு விலாக்களை ஆயத்தம் செய்து, பசை காய்ந்தபின் அவற்றைத் தண்டின் இரு பக்கங்களிலும் சற்றே தாழ்வாகப் பொருத்தினார். இதனால் இறகு, தண்டின்மேல் எழுந்து நிற்கும் பாய்போல் ஆகாமல், தண்டை உள்ளே பொதிந்த உடலாகிறது. செம்மஞ்சள் பட்டும் ஜரிகையும் வெளியே நேராகத் தெரியாமல், இழுக்கும்போது இறகுகள் ஒன்றையொன்று தொட்டு விலகும் இடைவெளியில் மின்னி மறைகின்றன. நீரில் நனைந்ததும் இறகு சுருங்கி மெலிந்து, இழுப்பு தளரும்போது விரிந்து, மீண்டும் சுருங்கும். தொப்பியில் இறகை எப்படிச் சாய்த்தால் தலை அசையும்போது அது உயிர் பெறும் என்று கற்ற விரல்கள் இந்த அமைப்பைக் கண்டன என்று கொள்வதில் தவறில்லை. அவர் தம் முறையைப் பிறருக்குக் காட்ட விரும்பவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களைத் தனியே இருந்து செய்து, 1953இல் தம் தொழிலை வேறொருவருக்கு விற்றார். தொப்பிக் கடையின் கைப்பழக்கம் ஓர் ஏரியின் மீனறிவோடு சேர்ந்து நிகழ்த்திய இச்செயலை, மீன்பிடி உலகின் சிறு குறிப்பாக ஒதுக்காமல், கைவினை வரலாற்றின் பெரிய நிகழ்வுகளோடு வைத்துப் பேச வேண்டும்.

ஏரியில் படகை மெல்லச் செலுத்தி இரையை நெடுந்தொலைவு பின்னால் இழுத்துச் செல்லும் முறை பரவியபோது மீன் மற்றொரு திருத்தத்தைக் கேட்டது. துரத்தி வரும் சால்மன் பலமுறை வாலை மட்டும் கடித்துவிட்டு விலகுகிறது. முள் முன்பகுதியில் இருப்பதால் அது தப்பிக்கிறது. தண்டை மேலும் நீட்டினால் மீன் துள்ளும்போது அந்நீளமே நெம்புகோலாகி முள்ளைப் பிடுங்கிவிடுகிறது. வழிகாட்டிகள் தம் வீடுகளில் கண்ட தீர்வு, இரு குறுமுட்களை மெல்லிய கம்பியால் இணைத்து ஒரே இறகுடலை இரண்டின்மேலும் படரவிடுவது. கம்பி வளையும் தன்மையுடையதால் நெம்புகோலின் வலிமை போய்விடுகிறது, வாலருகே ஒரு முள்ளும் நிற்கிறது. மெய்னின் பல நகரங்களில் குளிர்கால மாலைகளில் சமையலறை மேசைகளில் செய்யப்பட்ட, பெயரே வைக்கப்படாத இரட்டை முள் இரைகள் இவ்வாறு உருவானவை.

உலோகத்தாலான இரைக்கும் இதையொத்த வீட்டுப் பிறப்பு உண்டு. வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜூலியோ பியூயெல் என்பவர் ஏரியில் கரண்டி ஒன்றைத் தவறவிட்டதாகவும், மின்னி அசைந்து இறங்கிய அதை மீன் பாய்ந்து கவ்வக் கண்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், கரண்டி வடிவ இரைக்கு 1852இல் அவர் காப்புரிமை பெற்றது உறுதி. காம்பை அறுத்த கரண்டிக் குழியின் இரு முனைகளிலும் துளையிட்டு, முன்துளையில் தூண்டில் நரம்பு கட்டும் வளையத்தையும் பின்துளையில் முள்ளையும் கோத்தால் அடிப்படை வடிவம் கிடைத்துவிடும். குழிந்த தகடு நீரில் இழுபடும்போது அதன் இரு விளிம்புகளிலிருந்தும் சுழல்கள் மாறி மாறிக் கழன்று செல்கின்றன. ஒவ்வொரு சுழலும் தகட்டை எதிர்ப்புறம் தள்ளுவதால் அது இடமும் வலமுமாக ஆடுகிறது. தகடு மெல்லியதானால் மெதுவான இழுப்பிலேயே ஆடும், ஆழத்தில் நிற்காது. தடித்ததானால் இறங்கும், ஆனால் விரைந்து இழுத்தாலன்றி ஆடாது. வளைவு மிகுந்தால் ஆட்டம் சுழற்சியாகி நரம்பை முறுக்கிவிடும். பித்தளைத் தகட்டை வெட்டி, மரக்கட்டையில் தோண்டிய குழியின்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டி வளைப்பவர், மூன்று நான்கு தட்டுகளுக்கு ஒருமுறை அதை நீர்த்தொட்டியில் இழுத்துப் பார்த்துத்தான் நிறுத்துமிடத்தை அறிகிறார். சுத்தியல் விட்டுச்சென்ற சிறு பள்ளங்கள் ஒளியைத் துண்டு துண்டாக வீசுகின்றன; முன்னர் கூறிய சாய்ந்த ஸ்மெல்ட்டின் தவறான மினுக்கத்துக்கு, வழவழப்பான தகட்டைக் காட்டிலும் இது நெருங்கி வருகிறது.

வீட்டுச் செயல்களில் ஒன்று மட்டும் கைவிடப்பட வேண்டியது. ஈயத்தை அடுப்பில் உருக்கி அச்சில் வார்த்து, இரையின் தலைக்கும் தூண்டில் குண்டுக்கும் கனமேற்றுவது நெடுங்கால வழக்கம். அறுந்து விழும் சிறு ஈயக் குண்டுகளை, உணவை அரைப்பதற்காகக் கூழாங்கற்களை விழுங்கும் லூன் என்னும் நீர்ப்பறவை, கற்களென்று எண்ணி விழுங்கியும், அவை தங்கிய மீன்களை உண்டும், நஞ்சேறி இறக்கிறது. ஒரு குண்டே ஒரு பறவையைக் கொல்லப் போதுமானது. அண்டை மாநிலமான நியூ ஹாம்ப்ஷயர் 2000ஆம் ஆண்டு முதல் சிறு ஈயக் குண்டுகளுக்குத் தடை விதித்தது, மெய்னும் படிப்படியாக அவ்வழியில் வந்தது. உருக்குபவரின் உடலுக்கும் ஈயப்புகை தீங்கானது. வெள்ளீயமும் பிஸ்மத்தும் அதே அடுப்பில் உருகக்கூடியவை. கனம் குறைவு என்பதைத் தவிர அவற்றுக்கு எதிராகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏரியின் கண்ணை அவ்வளவு நுட்பமாகக் கற்றவர் அந்த ஏரியின் பறவையை மறப்பது, தம் கல்வியின் பாதியை மறப்பதாகும்.

பறவைக்கு நேரும் தீங்கு பற்றிய கேள்வி இரையின் இறகுகளையும் நோக்கி எழுகிறது. இங்கேதான் மெய்னின் ஏரியும் தமிழ் நிலத்தின் காடும் உண்மையாகவே ஒரு முள்ளில் சந்திக்கின்றன. கண்ணிறகு தரும் காட்டுச்சேவல், மேற்குத் தொடர்ச்சி மலையையும் தென்னிந்தியத் தீபகற்பத்தின் பிற குன்றுக் காடுகளையும் வாழிடமாகக் கொண்ட சாம்பல் காட்டுக்கோழியின் ஆண். முதுமலையிலும் நீலகிரிச் சரிவுகளிலும் விடியற்காலையில் அதன் கூவலைக் கேட்காத ஊர்கள் குறைவு. அதன் கழுத்திறகில் நடுத்தண்டு நுனியை நெருங்கும்போது தட்டையாகி, எனாமல் பூசியதுபோல் வெண்மையும் பொன்மஞ்சளுமான வழவழப்பான பொட்டுகளாக முடிகிறது. வண்ணம் நீரில் கரையாது, பொட்டு நனைந்தாலும் ஒடுங்காது. சிறுமீனின் கண்ணாக அது அமைவதற்குக் காரணம் இதுவே. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் சேவல் அந்த இறகுகளை உதிர்த்துவிட்டு மங்கிய கருமையைப் போர்த்துக்கொள்கிறது. புதுச்சேரியில் நெடுங்காலம் வாழ்ந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னெரா 1782இல் வெளியிட்ட பயண நூலில் இப்பறவையை விவரித்து, வீட்டுக்கோழியின் மூதாதை இதுவே என்று கருதினார். 1813இல் டெம்மிங்க் அவர் பெயரையே இதன் அறிவியல் பெயரில் இணைத்தார். வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆயினும் மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்தே வந்தது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியபோது, சொன்னெராவின் கருத்தில் ஓர் உண்மைத்துளி இருந்தது தெரியவந்தது.

அந்தக் கழுத்துக்காக இப்பறவை பெருமளவில் கொல்லப்பட்டது. இந்தியாவிலிருந்து பறவை இறகுகளை ஏற்றுமதி செய்வதைப் பிரிட்டிஷ் அரசு 1902இலேயே தடுத்தது. ஆயினும் தோலும் கழுத்தும் வெளிநாடு சென்றுகொண்டே இருந்தன. விடுதலைக்குப் பின் வந்த தடைகளும், 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும்தான் அவ்வழியை அடைத்தன. மயிற்பீலியின் ஏற்றுமதிக்கும் தடை உண்டு. இன்று உலகச் சந்தையில் முறையாகக் கிடைக்கும் காட்டுச்சேவல் இறகு, முன்னரே கொண்டுசெல்லப்பட்ட பறவைகளின் வழித்தோன்றல்களைப் பிரிட்டன் போன்ற நாடுகளில் பண்ணைகளில் வளர்த்துப் பெறுவது. அதன் விலை ஏனைய பொருள்கள் அனைத்தின் விலையையும் விஞ்சி நிற்கிறது. அரிய இறகின்மீதான வேட்கை எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு 2009இல் இங்கிலாந்தின் டிரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நடந்த திருட்டு சான்று. விக்டோரியாக் காலத்து ஆற்றுச் சால்மன் இரைகளைக் கட்டுவதில் தேர்ந்த இளைஞர் ஒருவர் 299 பறவைத் தோல்களை அங்கிருந்து எடுத்துச் சென்றார். அறிவியலுக்கு ஈடற்ற மாதிரிகள் அவற்றுள் இருந்தன. அவ்விறகுகளால் கட்டப்படும் இரைகளில் பெரும்பாலானவை நீரைத் தொடுவதே இல்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் மனிதருக்காக வைக்கப்படுகின்றன.

கிரே கோஸ்ட்டின் கண் யாருக்கானது என்று கேட்க வேண்டிய இடம் இது. சிறுமீனின் உடலில் கண் தாக்குதலுக்கு இலக்காவது உண்மை. வேட்டை மீன் தலையை நோக்கிப் பாயும்போது கரிய புள்ளியும் வெண்சுற்றும் அதற்கு வழிகாட்டுகின்றன. ஆகவே இரையில் கண் தேவைப்படலாம். ஆனால் அது காட்டுச்சேவலின் கழுத்திறகாகவே இருக்க வேண்டும் என்று சால்மன் கேட்டதில்லை. பனி உடைந்த வாரங்களில் மெய்ன் ஏரிகளில் இழுபடும் எத்தனையோ இரட்டை முள் இரைகளில் கண்ணிறகே இல்லை, அவற்றிலும் மீன் விழுகிறது. மைனாவின் உறவுப் பறவையான ஸ்டார்லிங்கின் இறகில் வெண்ணிறத் துளி ஒன்றையும் அதன்மேல் மஞ்சள் துளி ஒன்றையும் வைத்து உலரவிடுபவர்கள் உண்டு. கருநூல் தலையிலேயே எனாமலால் கண் எழுதிவிடுபவர்கள் உண்டு. வண்ணம் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் துண்டை ஒட்டுபவர்களும் உண்டு. மரபின் பெயரால் இவற்றைக் குறைவாக மதிப்பிடும் போக்கு இரைகட்டுவோரிடையே வலுவாக இருக்கிறது. ஸ்டீவன்ஸ் காட்டுச்சேவல் இறகைப் பயன்படுத்தியது, அவர் காலத்துத் தொப்பித் தொழிலிலும் தூண்டில் தொழிலிலும் அது கைக்கெட்டும் பொருளாக இருந்ததனால். தம் மேசைக்கு வந்த பொருளைக் கொண்டு ஸ்மெல்ட்டை எண்ணிக் கட்டியதே அவர் செயல். அவருடைய பொருள் பட்டியலைப் பின்பற்றுவோரைக் காட்டிலும், தம் வீட்டுச் சேவலின் சாம்பல் இறகையும் பக்கத்து வேட்டைக்காரர் தந்த மான்வாலையும் வைத்துக்கொண்டு, இந்த ஆண்டு ஓடைவாயில் தாம் கண்ட ஸ்மெல்ட்டின் நீளத்துக்கு இரையின் நீளத்தைக் குறைத்தோ கூட்டியோ பார்ப்பவர் ஸ்டீவன்ஸுக்கு நெருங்கியவர். நீலகிரியின் சேவல் தன் கழுத்திறகைத் தன் பருவத்தில் தானே உதிர்த்துக்கொள்ளட்டும். மெய்னின் சால்மனுக்கு எனாமல் துளி போதும்.